நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ஒரு சண்டை

அந்த யோசனை எனக்குத் தோன்றியது ஒரு ஓவியக் கல்லூரியின் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, நடைபாதையில், கையில் பாதி குடித்த இளநீரோடு. எதிரே என் மாணவி ரேவதி நின்றிருந்தாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. இன்னும் சற்று நேரத்தில் உள்ளே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்கிறாள் என்று புரிந்தது. புரிந்த அதே நொடியில் இதுவும் தோன்றியது: இவளோடு இப்போதே ஒரு சண்டை போட்டாக வேண்டும்.

இந்த ஜூனில் நம் பள்ளியில் சேர்ந்திருக்கும் புதிய ஆசிரியர்களே, டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ‘சண்டை’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அச்சுப்பிழையா என்று ஆபீசில் விசாரித்தீர்களாம். பிழையில்லை. அது எப்படி வந்தது என்று ஒருவர் எழுதி வைத்தால் நல்லது என்றார் பிரின்சிபால். பணி அனுபவம் எழுதத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே, நான் எழுதுகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். எதற்கும் முதலில் கையைத் தூக்குவது என் சுபாவம். போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

நம்முடையது சின்ன இடம். ஜீவனஹள்ளியில் ஒரு பழைய ஆரம்பப் பள்ளியின் மாடி. கீழே குழந்தைகள் வாய்ப்பாடு கத்த, மேலே நம் பி.யூ. வகுப்புகள், அதாவது பதினொன்றும் பன்னிரண்டும். காலையில் வரலாறு, பொருளாதாரம், மொழிப் பாடங்கள். மதியத்துக்கு மேல் ஓவியம், நாடகம், இசை. இந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளை நல்ல ஓவியக் கல்லூரிகளுக்கும் டிசைன் கல்லூரிகளுக்கும் அனுப்ப வேண்டும் என்பதுதான் நாம் இருப்பதற்கே காரணம். அந்தக் கல்லூரிகளில் எழுத்துத் தேர்வு ஒரு பாதி, நேர்முகம் மறுபாதி. பிள்ளைகள் தங்கள் படங்களைப் பெரிய அட்டைப் பையில் கொண்டுபோய் மேஜைமேல் விரித்து வைத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

நேர்முகத்துக்குத் தயார்படுத்தும் வேலை நாடக ஆசிரியையான என்னிடம் வந்தது. நாடகக்காரர்களிடம் எதைக் கொடுத்தாலும் என்ன செய்வார்கள்? ஒத்திகை பார்ப்பார்கள். நானும் டிராயிங் சாரும் மேஜை போட்டுத் தேர்வாளர்களாக உட்கார்ந்தோம். டிராயிங் சாரை உங்களுக்குத் தெரியும். தமிழைக் கன்னடத்தில் தொட்டுச் சாப்பிடுகிறவர். கதவைத் திறப்பது எப்படி, பையை எந்தப் பக்கம் வைப்பது, பதில் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிப்பது என்று எல்லாவற்றையும் வாரக்கணக்கில் பழக்கினோம். ‘ஏன் ஓவியம்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு ஜெரோம் என்ற பையன் ஒரு நாள் அருமையான பதில் சொன்னான். விவேக் நகரில் அவன் வீட்டு மாடியிலிருந்து தெரியும் தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, ஒரு கணம் நிறுத்தி, “அன்னிக்குத்தான் புரிஞ்சுது, பாக்கறது வேற, கவனிக்கறது வேற” என்று முடித்தான். வகுப்பே கைதட்டியது. டிராயிங் சார், “சூப்பர் மகா!” என்றார். கன்னடத்தில் அது ‘மகனே’.

மற்றவர்களின் பதில்களையும் அந்த அழகுக்குக் கொண்டுவரப் பாடுபட்டோம். ஒவ்வொருவருக்கும் கதை வேறுதான். ஆனால் ஒரு சின்னச் சம்பவம், ஒரு நிறுத்தம், பிறகு ஏதோ ஒன்று புரிந்துவிட்டது என்ற முடிவு. எல்லாக் கதையும் ஒரே மெட்டில் ஓடத் தொடங்கியதை நாங்கள் இருவரும் கவனிக்கவே இல்லை. அல்லது, ஜெரோம் பாஷையில் சொன்னால், பார்த்தோம்.

அந்த ஆண்டு, தொடக்கத்தில் சொன்ன ஓவியக் கல்லூரிக்கு நம் பிள்ளைகள் மூன்று பேர் போனார்கள்: ஜெரோம், நசீமா, ரேவதி. மூவருக்கும் ஒரே நாள். நானும் டிராயிங் சாரும் கூடப் போனோம். ரேவதியோடு அவள் அப்பாவும் வந்திருந்தார். கன்டோன்மென்ட் பக்கத்து ஆபீஸ்களிலும் கடைகளிலும் ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். இந்தப் படிப்பில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு அருகில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காமுக்கு மகளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். “இந்த ஒரு இன்டர்வியூ. வந்தா சேரட்டும். வரலன்னா பி.காம். அப்பால பேச்சே கெடையாது” என்று என்னிடமும் பிரின்சிபாலிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். ரேவதியும் சரி என்று தலையாட்டியிருந்தாள். அதனால் அன்றைக்கு அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கதவு.

ஜெரோம் முதலில் போனான். சிரித்துக்கொண்டே வந்தான். “மிஸ், அப்படியே ரிகர்சல்ல பண்ண மாதிரி! அந்த லைன் சொன்னதும் ஒரு மேடம் தலையாட்டினாங்க.”

நானும் டிராயிங் சாரும் கை குலுக்கிக்கொண்டோம்.

அடுத்துப் போன நசீமா துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

“எப்படிம்மா போச்சு?”

“தெரியல மிஸ். எங்க நானி வீட்டு மொட்டைமாடில பட்டம் விட்டதச் சொன்னேன். நீங்க சொன்ன மாதிரி கரெக்டா நிறுத்தினேன். ‘அன்னிக்குத்தான்’னு ஆரம்பிச்சதும் மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்த மேடம், ‘அன்னிக்கு என்ன புரிஞ்சுதுன்னு நான் சொல்லட்டுமா’ன்னு கேட்டாங்க.”

“ஐயோ. நீ என்ன சொன்ன?”

“சொல்லுங்க மேடம்னேன். அவங்க கரெக்டா சொல்லிட்டாங்க மிஸ்!”

ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான். நசீமா தன் பையாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உணவு இடைவேளைக்குப் பிறகு முதல் பெயர் ரேவதி. ரேவதியின் கதை ஒரு கடையின் பின்பக்கச் சுவரைப் பற்றியது. அதன் கடைசி வரியும் ‘அன்னிக்குத்தான்’ என்றே தொடங்கும்.

இளநீர் வண்டியின் நிழலில் ஒதுங்கினோம். டிராயிங் சார் பரபரத்தார். “வேற லைன் குடுங்க மிஸ், சீக்கிரம், பேக பேக! சுவர் வேண்டாம், பஸ் ஸ்டாப் வெச்சுக்கலாம். நிறுத்தமும் வேண்டாம், நேரா சொல்லட்டும்.”

நானும் அவசர அவசரமாகப் புது வசனம் சொல்லத் தொடங்கினேன். ரேவதி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அப்போதுதான் அவள் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். நான் சொல்வதை அவள் யோசிக்கவே இல்லை, அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தாள். ரேவதி யார் தெரியுமா? ‘இன்னிக்கு மழை வரும்’ என்றால் ‘எப்படிச் சொல்றீங்க’ என்று கேட்கிற பெண். வகுப்பில் அவளோடு வாதாடி ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை. அந்த வாயை நாங்கள்தான் அடைத்து வைத்திருந்தோம். புது வசனம் கொடுத்தால் இன்னும் இறுக்கமாக அடைபடும்.

பையைத் திற என்றேன். அவள் படங்கள் எல்லாம் கட்டடங்களின் முதுகுகள். தெருப் பக்கம் கண்ணாடியும் பெயர்ப்பலகையுமாக மின்னும் கட்டடங்களின் பின்சுவர். ஏசிப் பெட்டிகள், பைப்புகள், நீர் ஒழுகிக் கறுத்த கோடுகள். அப்பா வேலைக்குப் போன இடங்களுக்குக் கூடவே போய் வரைந்தவை. எனக்கு மிகவும் பிடித்த படங்கள். அதில் மூன்றாவதை எடுத்தேன்.

“ரேவதி, எனக்கு ரொம்ப நாளா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. இதுல ஒரு ஆள்கூட இல்லையே. வெறும் சுவரும் பைப்பும். இதை எதுக்கு வரையணும்? போன்ல ஒரு போட்டோ எடுத்தா போதாதா?”

அவள் நிமிர்ந்தாள். “இன்னா மிஸ் இப்ப வந்து இப்டி கேக்கறீங்க?”

“இப்பத்தான் தோணுது. சொல்லு.”

“போட்டோல வராது மிஸ்.”

“ஏன் வராது? இதைவிடத் தெளிவா வரும்.”

“அதான் மிஸ், எல்லாமே தெளிவா வந்துடும்! நான் கட்டடத்த பென்சில்ல லேசா வுட்டுட்டு பைப்ப மட்டும் இங்க்ல போட்டுகிறேன். எதுக்கு? இந்த வளைவப் பாருங்க. இது நிதானமா வளைச்சது. இது அவசரத்துல வளைச்சது, நசுங்கிக்கீது. இந்தக் கிளாம்ப அடிச்சவன் குள்ளமா இருந்திருப்பான், எட்டாம அடிச்சிகிறான், கோணலா போச்சு. ஆளே இல்லன்றீங்க, இது பூரா ஆளுங்கதான் மிஸ்!”

கடைசி வாக்கியத்துக்கு இளநீர்க்காரரே கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். புதியவர்களே, இங்கேதான் நான் உங்களை ஒரு நிமிடம் நிறுத்த விரும்புகிறேன். ‘ஆகா, இதையே உள்ளே போய்ச் சொல்லு’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அதுவும் வசனமாகியிருக்கும். அவள் உதடுகள் மறுபடி அசையத் தொடங்கியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன்.

“சரி. இந்த வலது மூலை ஏன் காலியா இருக்கு? இதுவும் ஏதாவது தத்துவமா?”

“அது… டைம் இல்ல மிஸ்.”

“பொய்.”

முகம் சிவந்துவிட்டது. “ஆமா, பொய்தான். அங்க ஒரு ஜன்னலு இருந்திச்சி. கண்ணாடி எனக்கு வரல. நாலு வாட்டி அழிச்சேன். போதுமா? உங்களுக்கே புடிக்கலன்னா உள்ள போய் நான் இன்னாத்த பண்றது?”

கண்ணில் நீர் கட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து கேட்டிலிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். படங்களை என் கையிலிருந்து பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

டிராயிங் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ தேவரே! என்ன மிஸ் பண்ணீங்க? அந்த ஹுடுகி அழுதுகிட்டே போகுது!”

பின்னால் ஒரு குரல். “நானும் அதான் கேக்கறேன்.”

ரேவதியின் அப்பா. டீ குடிக்கப் போனவர் எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“உங்களுக்கே புடிக்கலன்னா இன்னாத்துக்கு மிஸ் ரெண்டு வருசம் வெச்சிகினு இருந்தீங்க? அன்னிக்கே சொல்லியிருந்தா காமர்ஸ்ல உக்காந்திருக்குமே. இன்டர்வியூ வாசல்ல வெச்சி பொண்ண அழ வுடறீங்க.”

“அண்ணா, எனக்குப் பிடிக்கும். வேணும்னேதான் சண்டை போட்டேன். நாங்க சொல்லிக்குடுத்ததையே அவ ஒப்பிச்சா சீட் கெடைக்காது. அவளே பேசணும், அதுக்குத்தான்.”

“இதுக்கா இவ்ளோ?” என்றார். முகம் இளகவில்லை. மகள் போன கேட்டை எட்டிப் பார்த்தார். பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்தவர்போல என் பக்கம் திரும்பினார். “நீங்க கைல வெச்சிகினு இருந்த படத்துல ஒரு பைப்பு நசுங்கிக்கீதுன்னு சொல்லிச்சே?”

“ஆமா.”

“அவசரத்துல வளைச்சதுன்னு சொல்லிச்சே?”

“ஆமா அண்ணா.”

“அது நான் வளைச்சது.”

டிராயிங் சார் தலையிலிருந்து கையை எடுத்தார்.

“அன்னிக்கு ஓனரு கீழ நின்னுகினு ‘பேக மாடப்பா, பேக மாடப்பா’ன்னு உயிர எடுத்துகினு இருந்தாரு. அதான் அப்டி ஆயிப்போச்சி. வரட்டும், கேக்கறேன்” என்றார். அதற்குப் பிறகு பி.காம் பேச்சு வரவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. கேட்டுக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார்.

ஜெரோமும் நசீமாவும் உள்ளே இருந்ததைவிட ரேவதி அதிக நேரம் இருந்தாள். அந்த நேரம் முழுக்க எனக்கு ஒரே கவலை. ஓடிப்போய் ஜன்னல் வழியாகவாவது ‘எல்லாம் நடிப்பு’ என்று கத்திவிடலாமா என்று இருந்தது. போகவில்லை. கோபத்தோடு போன பிள்ளை கோபத்தில் பேசலாம். அழுகையில் வாயடைத்தும் போகலாம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் இப்போது எழுதினால் அது உங்களை ஏமாற்றுவது. அவள் எப்படிப்பட்டவள் என்று ரெண்டு வருடம் பார்த்திருந்தேன், அதை நம்பினேன். அவ்வளவுதான் என் கையில் இருந்தது.

வெளியே வந்தவள் அழவில்லை. முறைத்தாள்.

“மிஸ், நீங்களும் உள்ள இருக்கற சாரும் பேசி வெச்சிகினீங்களா?”

“எந்த சார்?”

“தாடி வெச்ச சார். ‘ஆளே இல்லியே’ன்னு அப்டியே கேக்கறாரு! எனக்கு வந்திச்சே ஒரு கோவம். அப்பால அந்த மூலையையும் கேட்டாரு. கண்ணாடி வரலைன்னு சொன்னேன். அவரு பென்சில எடுத்து ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினாரு. அது கண்ணாடி மாறியே இல்ல மிஸ், தண்ணி மாறி இருந்திச்சி. சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா!” என்றார் டிராயிங் சார்.

“அவரும் ஒத்துக்கினாரு. அப்பால அந்த மேடம் போட்டுக் காட்டினாங்க.”

அப்பா நடையை நிறுத்தினார். “அதெல்லாம் இருக்கட்டும். நசுங்கிக்கீதுன்னு உள்ளயும் போய் சொன்னியா?”

“சொன்னேன்பா. ஏன்?”

“அது யாரு வளைச்சது தெரியுமா?”

அவளுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், நசீமாவும் ஜெரோமும் என்னவென்றே தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அப்பாவும் மகளும் பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்தப் பைப்பைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். ஓனர் கத்தினால் நசுங்குமா என்று அவள். ஏணிமேல் நின்று பார், தெரியும் என்று அவர். நான் பின்னால் நடந்தபடி கேட்டுக்கொண்டே போனேன். அவ்வளவு நல்ல நேர்முகத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ரேவதிக்கு இடம் கிடைத்தது. உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள், ஜெரோமுக்கும் கிடைத்தது. ஒத்திகையே பார்க்கக் கூடாது என்று நான் கொடி பிடிக்க முடியாமல் செய்துவிட்டான். யோசித்தால் அதுவும் நியாயம்தான். அந்த வரி அவனுடையது, அவன் வாயில் அது உண்மை. நசீமாவுக்கு அங்கே கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு டிசைன் கல்லூரி நேர்முகத்துக்கு, நானே கெஞ்சியும் எந்தத் தயாரிப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய் இடம் பிடித்துவிட்டாள். இப்போதும் என்னைப் பார்த்தால், “அன்னிக்குத்தான் மிஸ்…” என்று இழுத்துவிட்டு ஓடுவாள்.

சேர்ந்த பிறகு ரேவதி ஒரு நாள் மாடியேறி வந்து நேராகக் கேட்டாள். “அன்னிக்கு நெஜமாவே புடிக்கலயா?”

“போட்டோ விஷயம் சும்மா கேட்டது. மூலை நெஜமாவே பிடிக்கலை.”

“தெரியும். மூலைக்குத்தான் எனக்கு அழுகை வந்திச்சி” என்றாள்.

சண்டைப் பீரியடின் முதல் விதி அங்கிருந்து வந்தது: மனசுக்குள் உறுத்தாத ஒன்றைக் கேட்காதீர்கள். பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். இதற்கென்றே வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை ஒதுக்கினோம். ஒரு பிள்ளை தன் வேலையைச் சுவரில் மாட்டும், அல்லது நடித்துக் காட்டும், அல்லது பாடும். மற்றவர்கள் எதிர்த்துக் கேட்க வேண்டும். முதல் சில வாரங்கள் படு கேவலமாக நடந்தது. பையன்கள் அதை வாய்ச்சவடால் போட்டியாக்கினார்கள். படத்தை விட்டுவிட்டு வரைந்தவனின் ஹேர்ஸ்டைலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தோம். அப்புறம்தான் கேட்கிறவரும் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, படத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று வைத்தோம். விரல் படத்தின்மேல் இருக்கும்போது ஹேர்ஸ்டைலைப் பற்றிப் பேசுவது கஷ்டம்.

உங்களுக்கு வரப்போகிற சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கே நிறுத்துவது என்பதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை. ரேவதிக்குக் கோபம் வந்தால் பேச்சு வரும். இன்னொரு பிள்ளைக்குக் கோபம் வந்தால் பேச்சு போய்விடும். அவனிடம் இதே சண்டையைப் போட்டால் அது கொடுமை. அதனால் சேர்ந்தவுடன் சண்டைக்கு வராதீர்கள். முதலில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், பஸ்ஸில் கூடப் போங்கள். யார் எதற்கு வாய் திறக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு வெள்ளிக்கிழமை வந்து நில்லுங்கள். நல்ல பதில் ஒன்று வரும்போது பாராட்டிவிட நாக்குத் துடிக்கும், கொஞ்சம் பொறுங்கள்.

இனி இந்த ஆண்டு செய்யப்போவது. அந்தப் பஸ் ஸ்டாப் சண்டை என் தலையைவிட்டுப் போகவே இல்லை. நம் பிள்ளைகள் கடைசியில் யாரிடம் பேசி ஜெயிக்க வேண்டியிருக்கிறது? தாடி வைத்த சாரிடம் ஒரு நாள்தான். வீட்டில் தினமும். ஆகவே பெற்றோர்களைச் சண்டைக்கு அழைக்கப் போகிறோம். பிரின்சிபால் பயப்படுகிறார், இருக்கிற நாலு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்கிறார். நியாயமான பயம்தான். அதனால் முதல் தடவை பிள்ளைகளின் படங்களை மாட்டப் போவதில்லை. ஆசிரியர்களுடையதை மாட்டுகிறோம். பெற்றோர் நம்மோடு சண்டை போடட்டும். நாம் எப்படித் தடுமாறுகிறோம் என்று பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரேவதியின் அப்பாவுக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு, “எந்த பாசைல சண்ட போடணும் மிஸ்?” என்றார்.

“உங்களுக்கு எது வருதோ, அதுல.”

“அப்ப எல்லாத்துலயும் வரும்” என்றார். மகள்தான் கூட்டி வருவாளாம். அன்றைக்கு அவளும் கேள்வி கேட்பாளாம், அதைச் சொல்லிவைக்கச் சொன்னாளாம்.

சனிக்கிழமை காலை, மாடி ஹாலில். டிராயிங் சார் ஏரிப் படம் ஒன்றைக் கொண்டு வருகிறார். நான் ஒரு சின்னக் காட்சி நடிக்கிறேன். உங்களில் யார் மூன்றாவது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.